மச்சினனின் குரலுக்கு ஒரு ஸ்பீக்கர்

டவர் கிரேன் ஓட்டுகிறேன் என்று சொன்னால், மேலேயிருந்து பார்த்தால் மதுரை முழுக்கத் தெரியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தெரியும். கோபுரம் தெரியும், யானைமலை தெரியும், மழை பெய்து ஓய்ந்த காலையில் நாகமலை கிட்டத்தில் வந்து நிற்கும். தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். நான் தூக்கிக்கொண்டு போகும் கம்பிக் கட்டு கடைசியில் எங்கே போய் இறங்குகிறதோ, அந்த இடம் பாதி நாள் என் கண்ணில் படாது.

நான் சொல்லப்போவது ரிங் ரோட்டை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை செய்த நாட்களைப் பற்றி. முன்பக்கம் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தாழ்வாக இன்னொரு கட்டடம் தனியாக எழும்பியது. முன்பக்கம் உயர உயர, பின்பக்கம் எனக்கு மறைந்துவிட்டது. அங்கே ஒருவன் கையில் வாக்கி டாக்கியோடு நின்று, கொக்கியில் தொங்கும் சுமையைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். இறக்கு, நிப்பாட்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவனைச் சிக்னல்மேன் என்போம். அவன் சொல்வதைக் கேட்டு நான் கையை அசைப்பேன். என் சிக்னல்மேன் என் மனைவியின் தம்பி.

அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மனைவியின் ஊரான எழுமலையில் கிணறு வற்றி, போட்ட பருத்தியும் போய், வீட்டில் முடங்கிக் கிடந்தான். முப்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் பிள்ளைகள். அவனை அனுப்பிவைக்கும்போது என் மாமியார், "மாப்பிள்ள, அவன ஒங்க கையில ஒப்படைச்சிருக்கேன்" என்றார். எந்த மாமியாரும் சொல்லக்கூடிய பேச்சுதான். ஆனால் தினமும் டன் கணக்கில் இரும்பை அவன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு அந்த வார்த்தை வயிற்றில் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு உட்கார்ந்துவிட்டது.

போதாக்குறைக்கு, வாக்கி டாக்கியில் அவன் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்காது. கம்பெனி கொடுத்த செட்டில் இருந்த ஸ்பீக்கர் ஒரு பிஸ்கட் அகலம்தான். மேலே காற்று, பின்னால் மோட்டார் இரைச்சல், கீழே கான்கிரீட் பம்ப். இரண்டு கையும் கிரேனின் கைப்பிடிகளில் இருக்கும். செட்டைக் காதோடு வைத்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒவ்வொரு சுமைக்கும் "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்று மூன்று தரம் கேட்பேன். மூன்றாவது தரம் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அறிந்த விஷயம். அவன் பொறுமையாகத் திருப்பிச் சொல்வான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு இறங்காது. காலையில் எந்தச் சுமையிலாவது அவன் சொன்னது காதில் விழாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூடிவிடுவேன்.

சைட் என்ஜினியரிடம் ஒரு நல்ல செட் கேட்டேன். "பாக்கலாம்ணே" என்றார். எங்கள் தொழிலில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். கேபினில் கம்பெனிக்குத் தெரியாமல் எதையும் மாட்டக் கூடாது என்று விதி உண்டு. நான் தெரியாமல் மாட்டுவதென்று முடிவு செய்தேன்.

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் திருவிழா மைக் செட்டுகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், ஆனால் வேலையில் கெட்டி. வாக்கி டாக்கியை அவர் முன்னால் வைத்து, இதற்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் வேண்டும், காது கிழிய வேண்டும் என்றேன். சுவரில் தொங்கிய ஒரு பெரிய கறுப்புப் பெட்டியையும் நானே காட்டினேன். ஷேர் ஆட்டோவில் பாட்டுப் போடுவார்களே, அந்த ரகம்.

"அது பாட்டுக்குண்ணே. பேச்சுக்கு ஆகாது."

"சத்தம் வருமா வராதா?"

"சத்தம் வரும்ணே. பேச்சு வராது."

நான் கேட்கவில்லை. மதுரைக்காரனுக்கு ஸ்பீக்கர் என்றால் நெஞ்சில் இடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அது ஸ்பீக்கரே இல்லை. அதற்குத் தக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து வாங்கிப் பையில் மறைத்து மேலே ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலையில் மச்சினன் பேசினான். கேபின் அதிர்ந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ முனகுவது போல் இருந்தது. பத்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் செல்லூர். அவர் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஸ்பீக்கரை எடுத்துச் செருகி, கடைக்கு வெளியே போய் இன்னொரு செட்டில் பேசிக் காட்டினார். தகரத்தில் தட்டுவது போன்ற வறண்ட சத்தம், இனிமை என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் தறிகளின் இரைச்சலைத் தாண்டி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"பேச்சுல இடிக்கிற அடிச்சத்தம் எம்புட்டுக் கொறையுதோ அம்புட்டுக்குத் தெளிவுண்ணே. பின்னாடி வைக்காதீங்க. காதப் பாத்து வையுங்க. செட்டுல சவுண்ட முழுசாத் திருப்பாதீங்க, ஒடஞ்சு வரும். முக்காவாசி போதும்."

பிறகு ஒயரின் முனையில் இருந்த பின்னைக் காட்டினார். "இது முக்கியம்ணே. இதச் சொருகுனா செட்டோட சொந்த ஸ்பீக்கர் ஆஃப் ஆயிரும். முழுசா உள்ள போகலன்னா இதுலயும் சத்தம் வராது, அதுலயும் வராது. யாரும் பேசாத மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவ சொருகுனதும் ஒரு தரம் பேசிப் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். பின்னைச் செருகி, அது ஆடாமல் இருக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பேட்டரி மாற்றும்போதெல்லாம், "மாப்ள, கேக்குதா?" என்பேன். "கேக்குது மச்சான்" என்பான். அந்தச் சின்ன ஸ்பீக்கர் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. அவன் இருமினால்கூடத் தெரிந்தது. அவன் குரலில் வெயில் ஏறுவதும் தண்ணீர் குடித்த பிறகு தெம்பு வருவதும் தெரிந்தது. வாரக் கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

எங்களுக்கு நடந்த பாதுகாப்பு வகுப்பில் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமை மறைவிடத்தில் இறங்கும்போது சிக்னல்மேன் வாயை மூடவே கூடாது. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் எந்த நொடியில் நிற்கிறதோ, அந்த நொடியில் ஓட்டுகிறவன் கை நிற்க வேண்டும். பேச்சில்லை என்றால் அசைவில்லை. மச்சினன் அதை அப்படியே செய்தான். மரியாதைக்காக ஒரு "மச்சான்" மட்டும் சேர்த்துக்கொள்வான். "இறக்குங்க மச்சான், இறக்குங்க மச்சான்" என்று சாமி பெயரைச் சொல்வது போல் சொல்லிக்கொண்டே வருவான்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காற்று கிளம்பி, பலகைக் கட்டு ஒன்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. கீழேயிருந்து அவன் போட்ட சத்தம் ஸ்பீக்கரில் வெடித்தது. "நிப்பாட்டு! நிப்பாட்டு! என்னத்தப் பாத்து ஓட்டுற!" நான் நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அன்றைக்கு மோட்டாருக்கு கிரீஸ் வைக்க வந்த மெக்கானிக் கேபின் வாசலில் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே, மச்சினன் இந்த மெரட்டு மெரட்டுறான்!" என்று சிரித்தார். இறங்கி வருவதற்குள் எலெக்ட்ரீசியன் வரைக்கும் விஷயம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அக்கா புருஷன் என்றால் நின்று பேச வேண்டிய ஆள். அப்படிப்பட்ட என்னை நீ, வா, போ என்று பேசிவிட்டான், அதுவும் ஊர் கேட்க. ஊர் கேட்கும்படி ஸ்பீக்கர் மாட்டியது நான்தான் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அன்று மாலை டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவனைப் பிடித்தேன்.

"யாருகிட்டப் பேசுறோம்னு பாத்துப் பேசு. ஒன்னைய இங்க கொண்டாந்து விட்டது ஆரு? இனிமே தேவைக்கு மட்டும் வாயத் தொற. தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்க வேணாம், எனக்கு வேல தெரியும்."

அவன் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க மச்சான்" என்றான்.

மறுநாளிலிருந்து அவன் தேவைக்கு மட்டும்தான் பேசினான். "இறக்கலாம் மச்சான்" என்பான். அதற்குப் பிறகு ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். கடைசியில், "போதும் மச்சான்." அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே, கட்டு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நானாக ஊகித்துக்கொண்டு இறக்குவேன். பழையபடி பேசு என்று சொல்ல வாய் வரை வரும். சொன்னால் நான் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொள்வேன். மூன்று நாட்கள் இப்படிப் போயின.

நான்காம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் செட்டுக்குப் பேட்டரி மாற்றினேன். வெயில் காலம். கேபினுக்குள் கறுப்பு டேப்பின் பசை இளகி வழிந்து, பின்னைச் சுற்றிப் பிசுபிசுவென்று மடிந்திருந்தது. அந்தப் பிசினோடேயே அழுத்தினேன். உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். வழக்கமாகக் கேட்கும் "மாப்ள, கேக்குதா?" அன்றைக்கு என் வாயில் வரவில்லை. அவன் முதலில் பேசட்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான் காரணம், வேறு காரணமே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் சுமை கம்பிக் கட்டு. கம்பி அடுக்கியிருக்கும் முற்றம் எனக்குத் தெரியும். அங்கே இருப்பவர் கையை உயர்த்திக் காட்டினார், தூக்கினேன். பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். "இறக்கலாம் மச்சான்" என்று வர வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். ரோஷம் பிடித்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். காலையிலிருந்து மூன்று கட்டுகள் அதே இடத்தில் இறக்கியாகிவிட்டது, இது நாலாவது, இதற்கு இவன் வாயைத் திறக்கக் காத்திருக்க வேண்டுமா என்று நினைத்தேன். இறக்க ஆரம்பித்தேன். பேச்சில்லை என்றால் அசைவில்லை என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட நான், பேச்சே இல்லாமல் இறக்கினேன்.

கேபினில் சுமையின் எடையைக் காட்டும் சின்னத் திரை ஒன்று உண்டு. கட்டு தரையில் உட்கார்ந்தால் எண் சரியும். தரை இன்னும் ஒரு சாண் கீழே இருக்கிறது என்று என் கை சொன்னது. அதற்கு முன்பே எண் சரிந்தது.

கை தானாக நின்றது. கட்டு எதன் மேலோ உட்கார்ந்திருக்கிறது. எதன் மேல்? "மாப்ள" என்றேன். பதில் இல்லை. "மாப்ள, மாப்ள, என்னடா ஆச்சு?" ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல்கூட இல்லை. செல்லூர்க்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. யாரும் பேசாத மாதிரி இருக்கும். ஒயரைப் பிடித்து இழுத்தேன். பின் வெளியே வந்ததும் செட்டின் பிஸ்கட் அகல ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தானோ.

"கொஞ்சம் ஏத்துறீங்களா மச்சான். காலு மாட்டிருச்சு மச்சான். மச்சான், கொஞ்சம் ஏத்துறீங்களா."

பந்தியில் தண்ணீர் கேட்கிறவன் அப்படிக் கேட்பான். பின்னால் நாலைந்து பேர் என்னைத் தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் திட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. ஒரு விரல் அளவு, இன்னொரு விரல் அளவு என்று ஏற்றினேன். "போதும் மச்சான்" என்றான். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

கட்டு இறங்கினால் அடியில் கயிற்றை உருவ இடம் வேண்டும் என்பதற்காக, கீழே இரண்டு மரக்கட்டைகளைப் போடுவது வழக்கம். அவன் சொல்லாமல் நான் இறக்க மாட்டேன் என்று நம்பி, குனிந்து கட்டையை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறான். நிழல் விழுவதைப் பார்த்து உடம்பை விலக்கிக்கொண்டவனுக்கு வலது பாதத்தை விலக்க நேரம் இருக்கவில்லை.

நான் உடனே இறங்கி ஓடினேன் என்று எழுத ஆசைதான். முதலில் ஸ்பீக்கரையும் ஒயரையும் கழற்றி டிபன் பைக்குள் போட்டேன். பிறகுதான் இறங்கினேன்.

பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. கம்பெனி விசாரணை வைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவனிடம் போய்ச் சிக்னல் கொடுத்தாயா என்று கேட்டார்கள். அவன், "இறக்கச் சொன்னது நாந்தான். நிப்பாட்டுன்னு சொல்ல லேட்டாயிருச்சு" என்று சொன்னான். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். என் வேலை தப்பியது. அவன் வேலை போயிற்று. அக்கா வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ஆட்டியது என் தலை.

அவன் எழுமலைக்கே திரும்பிப் போனான். ஓர் உரக்கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. நான் ஒவ்வொரு மாதமும் போக வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். இப்போது எனக்கு வேறொரு சிக்னல்மேன். வடக்கேயிருந்து வந்தவர், தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும். அந்த நாலையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட என் கை நின்றுவிடுகிறது. சாப்பாடு மறுபடியும் இறங்குவதில்லை.

போன மாதம் அவனுடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து. அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. நானும் மனைவியும் பைக்கில் போனோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். அந்தப் பாதத்தை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்று அவன் நாற்காலியையே என் பக்கம் நகர்த்தினான்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கே மாமியார் இருந்தார், என் மனைவி இருந்தாள், சொந்தபந்தம் இருந்தது. "ஒக்காரு மாப்ள. தப்பு ஓம் மேல இல்ல. அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம ஒக்காருங்க மச்சான்" என்றான் அவன்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமியார் திரும்பிப் பார்த்தார். அவன் என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, "சாப்புட்டுட்டுத்தான் போகணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான். நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். மொய் எழுதினேன். விடைபெற்றேன்.

திரும்பும்போது உசிலம்பட்டியைத் தாண்டிவிட்டோம். செக்கானூரணிக்கு முன்னால், வெயில் சாய்கிற நேரத்தில், மனைவி பின்னாலிருந்து கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்கு அவன் சொன்னது ஒங்க காதுல விழலையா? இல்ல, விழுந்தும் நிப்பாட்டலையா?"

வண்டியை ஓரம் கட்டினேன். "விழல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர், பின், டீக்கடை, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி, டிபன் பை, ஆட்டிய தலை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவளைப் பார்க்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

முடிந்ததும் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என் காலா போச்சு?"

"நாளைக்கு வந்து சொல்றேன்."

"அவன் சொல்ல விடமாட்டான். அவன் நிப்பாட்டச் சொன்னாலும் நீங்க நிப்பாட்டாமச் சொல்லணும். இன்னைக்கே. எங்க ஆத்தா முன்னாலயே."

அவள் ஏறவில்லை. ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, நாங்கள் வந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும்தான் ஏறிக்கொண்டாள்.